ஜீப்பு நின்ற இடத்தில் தோண்டிய குழி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். கொஞ்சம் ஊக்கம் தருவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். ஊக்கம் தருகிற கதைகள் என்னிடம் இரண்டு மூன்று உண்டு. நான் ஓய்வு பெற்ற அன்று என் கழுத்தில் மாலை போட்டுவிட்டு மற்றவர்களே அவற்றைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இதுதான், மூன்று பேர் செத்துப்போன கதை. மழையால் மலை சரிந்தது என்று கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அவர்களை அங்கேயே இருக்கச் சொன்னது நான் என்பதும் அதே கோப்பில் உள்ளே எங்கோ இருக்கிறது. அதுவரை யாரும் புரட்டுவதில்லை.

நான் மலைச்சரிவு பார்க்கிற ஆளாக வேலையைத் தொடங்கவில்லை. என் முதல் ஒன்பது வருடம் கடலடி மண்ணோடு போயிற்று. தெற்கே வெகுதூரத்தில், குளிர்ந்த கடலில், கண்டத்தின் விளிம்பு ஆழத்தை நோக்கி இறங்குகிற சரிவிலிருந்து கப்பலில் எடுத்து வந்த மண் அது. நீண்ட குழாயைக் கடலடியில் இறக்கி மண்ணோடு சேர்த்து உருவிவிடுவார்கள். அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து மேசையில் வைத்தால் என் வேலை தொடங்கும். சுண்ணாம்பு மண் என்றதும் உங்களுக்குப் பவளப்பாறை ஞாபகம் வரும். அந்தக் குளிர்ந்த சரிவில் அது கிடையாது. பாசிபோல ஒட்டிப் படர்ந்து வாழும் சிற்றுயிர்களின் கூடு, கடற்பஞ்சின் ஊசிகள், உடைந்த சிப்பி, இவைதான் அங்கே மண். கடல்மட்டம் இறங்கிய காலங்களில் அலை அடித்துக் கலக்கிப் பருமணலைச் சரிவில் தள்ளிவிடும். மட்டம் ஏறிய காலங்களில் வெளுத்த நுண்சேறு மெதுவாகப் படியும். பருமணல், சேறு, மறுபடி பருமணல், மறுபடி சேறு. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலம் என்பது ஒழுங்கானது என்ற நம்பிக்கை எனக்கு அந்த மேசையில்தான் வந்தது, வந்திருக்கவே கூடாது.

நான் இருந்த ஆய்வுக்கூடத்தில் குழாய்களைப் பிளக்கும் அறைக்கு ஒருவர் பொறுப்பாக இருந்தார். பட்டம் எதுவும் இல்லாதவர், வாய் பொல்லாதது, எனக்கு அவரைப் பிடிக்காது. அந்தச் சரிவில் கடலடித் தொலைபேசிக் கம்பி பதிக்கலாமா என்று ஒரு கேள்வி வந்திருந்தது. நான் பருமணல் அடுக்குகளை எண்ணி, இத்தனை காலத்துக்கு ஒருமுறை சரிகிறது, அடுத்தது இப்போது இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, பிளந்த மண்ணில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நூல்போல ஓடிய ஒரு கோட்டில் நகத்தை வைத்தார். பாரமாக வருகிற மணல் சும்மா வந்து உட்காராது, கீழே இருந்ததை வழித்துக்கொண்டுதான் உட்காரும், இந்தக் கோட்டில் எத்தனை அடுக்கு காணாமல் போயிருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். முகம் சிவந்துபோய்த் திருத்தினேன். திருத்திய அறிக்கைக்கு எனக்குப் பாராட்டு வந்தது, அவர் பெயரை நான் சொல்லவில்லை. பாடம் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த அறையில், அந்த மேசையில் கிடந்த மண்ணுக்கு மட்டும்தான் படித்திருந்தேன் என்பது பின்னால் தெரிந்தது.

பிறகு மலைச்சரிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையின் கடைசி வருடங்களில் சொந்த ஊர்ப் பக்கமே வந்து சேர்ந்தேன். போடியில் என் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை இருந்தது. மேலே உள்ள தோட்டங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடையைத் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் சொன்னதை அவர்கள் நம்பியதற்கு என் படிப்பு பாதிக் காரணம், அப்பா கடை மீதிக் காரணம்.

அது ஐப்பசி. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். முந்தின வாரம் மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து இரண்டு நாள் போக்குவரத்து நின்றிருந்தது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த ஆறு குடும்பங்களும் பயந்துபோய்க் கீழே இறங்கிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். லயம் இருந்தது ஒரு ஓடைக்கரையில், மேலே செங்குத்தான சரிவு. காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். ஆட்கள் இறங்கினால் காய் செடியிலேயே பழுத்துக் கொட்டிவிடும் என்று மேனேஜருக்குக் கவலை. இறங்கினால் எங்கே தங்குவது, திரும்பி வரும்போது வீடும் வேலையும் இருக்குமா என்று குடும்பங்களுக்குக் கவலை. ஆக எல்லோருக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

ஒரு சரிவு பழைய காலத்தில் எப்படி நடந்துகொண்டது என்று பார்க்கக் குழி தோண்டுவோம். அது உங்களுக்குத் தெரியும். எங்கே தோண்டுவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே தோண்டுவோம். நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் மலையில் தோண்டிய குழிகளில் பெரும்பாலானவை பாதை ஓரத்துக் குழிகள்தான். கடப்பாரை, மண்வெட்டி, பக்கம் சரியாமல் முட்டுக்கொடுக்கப் பலகை, எல்லாவற்றையும் ஜீப்பிலிருந்து இறக்கி அங்கேயே வேலையைத் தொடங்கிவிடுவோம். அன்றும் அப்படித்தான். ஓடைப்பக்கம் வழுக்கலாக இருந்தது, அட்டை வேறு. ஜீப்பு நின்ற மேட்டில், லயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, நாலு பேரை வைத்து ஆள் உயரத்துக்கு மேல் தோண்ட வைத்தேன்.

குழிக்குள் இறங்கியதும் எனக்கு மனம் துள்ளியது. உண்மையைச் சொன்னால்தானே உங்களுக்குப் பிரயோசனம். மேலே வேர் ஓடிய கறுப்பு மண். அதன் கீழே கல்லும் களிமண்ணும் கலந்த சரிவு மண். அதற்குக் கீழே புதைந்துபோன பழைய கறுப்பு மண். மறுபடி சரிவு மண், மறுபடி கறுப்பு மண். நாலு சுற்று அப்படியே இருந்தது. இளவயதில் மேசைமேல் பார்த்த கடல் மண்ணை என் சொந்த மலையில் யாரோ அடுக்கி வைத்திருந்தது போல இருந்தது. கறுப்பு மண் ஒவ்வொன்றும் கையகலத்துக்கு இரண்டு பங்கு கனம். அந்தக் கனத்துக்கு மண் விளைய எத்தனையோ தலைமுறை ஆகும். மேலே இப்போது இருக்கிற கறுப்பு மண்ணோ அதில் பாதிதான். சரிவு ஒரு கணக்கில் வந்துகொண்டிருக்கிறது, இந்தச் சுற்றில் நாம் பாதி வழியில்தான் இருக்கிறோம் என்று குழிக்குள் நின்றபடியே முடிவு கட்டிவிட்டேன். புதைந்த மண்ணின் மேல்பாகம் வழிக்கப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அந்த நேரத்தில் பேச்சியம்மாள் எங்களுக்குக் கட்டங்காப்பி கொண்டுவந்தார். லயத்தில் ஓடைக்கு மிக அருகில் இருந்த வீட்டுக்காரர், கங்காணி வீரணனின் மனைவி, ஐம்பது வயது இருக்கும். தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தார்.

"எங்க ஓடைக்கரையில தோண்டுனா இப்பிடி இருக்காது மேடம். பூராம் கல்லாத்தான் வரும். நான் வாக்கப்பட்டு வந்த பெறகே ரெண்டு தடவ உருள் பொட்டியிருக்கு. ரெண்டாவது தடவ நாங்க தொவைக்கிற கல்லையே இழுத்துட்டுப் போயிருச்சு."

மலையாள ஆட்களோடு பழகியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மழைத் தண்ணீரோடு கல்லும் மண்ணும் சேர்ந்து உருண்டு வருவது உருள். நான் சிரித்தேன். அதெல்லாம் ஓடையில் வருகிற சின்ன வெள்ளம், நான் பார்ப்பது பல தலைமுறைக் கணக்கு என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். என் நோட்டில் அடுக்கின் நிறத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, கனத்துக்கு ஒரு கட்டம், கல்லின் அளவுக்கு ஒரு கட்டம். அவர் சொன்னதை எழுத அதில் இடமில்லை, நானும் ஓரத்தில்கூடக் குறித்து வைக்கவில்லை.

பிற்பகலில் தூறல் பிடித்துக்கொண்டது. பாதை மோசமாகிவிடும், வெரசாக் கிளம்பணும் என்று டிரைவர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு வீட்டு ஆட்களும் வந்து கூடிவிட்டார்கள். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் கட்டி வைத்த இரண்டு மூட்டைகள் தெரிந்தன, பாத்திரமும் துணியும் பிதுங்கிக்கொண்டு. வீரணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சுத்தி வளைச்சுச் சொல்ல வேணாம் மேடம். நாங்க இருக்கலாமா, எறங்கிருவமா?"

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் எல்லோருக்கும் இந்த இடம் ஒருநாள் வரும். எனக்குத் தெரியாது. அந்தக் கணத்தில் எனக்குத் தெரியாது என்பது எனக்கே தெரிந்திருந்தது. ஒரே ஒரு குழி. ஓடையை நான் இறங்கிப் பார்க்கவில்லை. மேலே சரிவின் தலைப்பக்கம் மூடுபனியில் இருந்தது. ஆனால் முப்பது வருடம் வேலை பார்த்தவள், போடியிலிருந்து ஜீப்பு பிடித்து வந்தவள், ஒரு பகல் முழுக்க நாலு ஆட்களை வைத்துத் தோண்டியவள், இத்தனைக்கும் பிறகு கூட்டத்தின் முன் நின்று தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பயமுறுத்திவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் அடுத்த முறை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றும் மனதில் ஓடியது. போதாததற்கு அந்தக் குழி அவ்வளவு அழகாக இருந்தது.

"இருங்க. இந்தச் சரிவு இப்போதைக்கு அசையாது" என்றேன்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். நம்ம ஏலக்கடைக்காரர் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. மேனேஜர் என் கையைக் குலுக்கினார். நான் ஜீப்பில் ஏறும்போது பேச்சியம்மாள் மூட்டைகளை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு உருள் வந்தது. மூன்று நாள் விடாத மழை. ஆட்கள் எல்லோரும் மேலே காய்க்காட்டில் இருந்தார்கள். லயத்தில் இருந்தது மூன்று பேர். பேச்சியம்மாளுக்கு அன்று காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டில் வயதான தம்பதி. இரண்டு வீடுகளும் போயின, மற்ற நாலில் ஒரு ஓடுகூட உடையவில்லை. எனக்கு மேனேஜர்தான் போன் செய்தார். என்ன சொன்னார் என்று ஞாபகமில்லை. குரங்கணிக்கு மேல் ஜீப்பு போகவில்லை என்பதும், நான் நடந்தே ஏறினேன் என்பதும்தான் ஞாபகம்.

அங்கே நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உருள் வந்த வேகத்தில் ஓடைக்கரையை ஆழமாக அறுத்துவிட்டிருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குப் புது மண்சுவர் வெட்டிவிட்டாற்போல நின்றது. ஒருபக்கம் ஆட்கள் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்கள், உள்ளே மனிதர்கள் இருந்தார்கள். நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அடுக்குகளை எண்ணினேன். கை தானாக நோட்டை எடுத்துவிட்டது. கல்லடுக்கின்மேல் கல்லடுக்கு, நடுவே கறுப்பு மண்ணே இல்லை, மண் விளைய நேரமே கிடைக்கவில்லை. பதினொன்று வரை எண்ணினேன். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருந்ததைப் பாதி வழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓடைவழியே அடிக்கடி வந்துபோனவை அவை. எப்போதோ ஒருமுறை கரை மீறி மேட்டில் ஏறிய பெரிய சரிவுகள் மட்டும்தான் என் குழிக்கு வந்து சேர்ந்திருந்தன. நான் படித்தது அந்த ஓடையின் வரலாறே இல்லை, ஜீப்பு நின்ற மேட்டின் வரலாறு. மேலிருந்து இரண்டாவது அடுக்கில் ஒரு பெரிய கல் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு முகம் மட்டும் துணி அடித்து அடித்து வழவழவென்று தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது, அப்போதுதான் பேச்சியம்மாளை வெளியே எடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் இரக்கமாக நடந்துகொண்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழை வழக்கத்துக்கு மீறியது என்று எழுதிவிடு, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று என் மேலதிகாரி போனில் சொன்னார். நல்ல மனிதர், என் மேல் அக்கறையில்தான் சொன்னார். மேனேஜரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். மழை அதிகம் என்பது பொய்யும் அல்ல. அந்த ஒரு வரியை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். குழி தவறான இடத்தில் தோண்டப்பட்டது, ஓடைக்கரை பார்க்கப்படவில்லை, அங்கே குடியிருந்தவர் இரண்டு முறை உருள் வந்ததைச் சொல்லியும் பதிவு செய்யப்படவில்லை, இருக்கலாம் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் போதாது. 'செய்யப்படவில்லை' என்று வந்த இடங்களில் எல்லாம் 'நான் செய்யவில்லை' என்று மறுபடி மாற்றினேன். அதற்கு எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தைரியம் காட்ட வேண்டிய நாள் ஒரு வாரம் முன்னால் தூறலில் போய்விட்டது. விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது, பதில் எழுதினேன், அவ்வளவுதான். ஓடைக்கரையில் இருந்த வேறு இரண்டு லயங்களை அந்த வருடமே மேட்டுக்கு மாற்றினார்கள். என் அறிக்கையால் மாற்றினார்களா, பயத்தால் மாற்றினார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து நல்ல பதில் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகுதான் வீரணனைப் போய்ப் பார்க்க முடிந்தது. அதற்கு முன்னால் மூன்று முறை கிளம்பி, தேவாரம் பஸ்சில் ஏறாமலே திரும்பியிருக்கிறேன். மலை வேலையை விட்டுவிட்டு அவர் தேவாரத்தில் மகள் வீட்டில் இருந்தார். யானை வருகிற காடு என்பதால் பகலில் தூங்கி ராத்திரி பயிர்க் காவலுக்குப் போகிறவர். நான் போனபோது அப்போதுதான் எழுந்திருந்தார். அடையாளம் தெரிந்தது. மகளிடம் நாற்காலி கொண்டா என்றார். அவள் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் எதையும் தயார் செய்துகொண்டு போகவில்லை. குழியைப் பற்றிச் சொன்னேன், எங்கே தோண்டியிருக்க வேண்டும் என்று சொன்னேன், அவர் மனைவி சொன்னதை எழுதாமல் விட்டதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மண்ணுக்குள்ள இருக்குறத யாரு கண்டா, விடுங்க மேடம் என்றார். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இது மண்ணுக்குள் இருந்த விஷயம் இல்லையே. அதனால் மிச்சத்தையும் சொன்னேன். "அன்னைக்கி நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியலைண்ணே. தெரியலைங்கிறதும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் இருங்கன்னுட்டேன்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா எறங்கிருப்போமே" என்றார்.